ஒரே பக்கம் சாய்ந்த மணிகள்

என் மச்சானை ஏமாற்ற வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. சோம்பேறித்தனம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன். ஏனென்றால் இதே கதையை என் மனைவி சொன்னால் வேறு மாதிரி இருக்கும். அவள் அண்ணன் சொன்னால் கேட்கவே வேண்டாம்.

எங்கள் ஆய்வகக் கட்டடத்தின் அடித்தளத்தில், லிஃப்டை விட்டு இறங்கி இடது பக்கம் போனால் கடைசி அறை என்னுடையது. ஜன்னல் கிடையாது. நடுவில் ஒரு கருங்கல் மேசை. அது ஆடாமல் இருக்கக் கால்களுக்கு அடியில் காற்றடைத்த நான்கு மெத்தைகள். மேசை மேல் ஒரு பிரஷர் குக்கர் அளவில் ஓர் இயந்திரம். வாசல் பலகையில் அதற்கு ‘அணுவிசை நுண்ணோக்கி’ என்று பெயர். அப்படி யாரும் சொல்வதில்லை. ஊசி மிஷின் என்பார்கள், என்னை ஊசிக்காரர் என்பார்கள்.

நுண்ணோக்கி என்று பெயர்தானே தவிர அது எதையும் பார்ப்பதில்லை. தடவுகிறது. தலைமுடியைவிட மெல்லிய ஒரு தகட்டின் முனையில் ஓர் ஊசி. அந்த ஊசியின் நுனி பத்து நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் துண்டாக்கி, அதில் பத்துத் துண்டை எடுத்தால் அவ்வளவு. அந்த நுனி பொருளின் மேல் கோடு கோடாகத் தடவிக்கொண்டு போய் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று சொல்லச் சொல்ல, கணினி அதை வரி வரியாகப் படமாக்கும். ஒரு படத்துக்கு நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடம் யாரும் தும்மக் கூடாது. வெளியே யாராவது கதவை அறைந்து சாத்தினால் படத்தில் ஒரு கீறல் விழும். என் மச்சான் பக்கத்தில் நின்று சிரித்தால் நாலைந்து கீறல் விழும். அவன் சிரிப்பு அப்படி.

மச்சான் மூன்றாம் மாடியில் வேதியியல் ஆராய்ச்சி செய்பவன். எனக்கு முதலில் நண்பன், பிறகுதான் மச்சான். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். இரண்டு வருடம் என்னைக் கூடவே வைத்துப் பார்த்துவிட்டுத் தன் தங்கையைக் கட்டிக் கொடுத்தான். அவன் செய்வது மணிகள். சிலிக்காவில், ஒவ்வொன்றும் அறுபது நானோமீட்டர் உருண்டை. ஒன்பது வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தான். மணிகள் நன்றாகத்தான் வந்தன. ஆனால் உலகத்தில் இன்னும் நூறு பேருக்கும் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தன. அதனால் அவனை யாரும் கண்டுகொள்ளவில்லை.

இந்த வருடம் நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. சின்னப் பிரிவுகளைப் பெரிய பிரிவுகளோடு சேர்க்கப் போகிறார்களாம். மச்சானின் பிரிவில் மொத்தம் ஒரே ஆள், அது மச்சான். மாதக் கடைசியில் ஒரு குழு வந்து பார்க்கும். புதிதாகக் காட்ட ஏதாவது இருந்தால் பிரிவு பிழைக்கும். இல்லாவிட்டால் அவன் அறையைப் பெயிண்ட் பிரிவு எடுத்துக்கொள்ளும், அவனும் போய் அந்தப் பிரிவின் தலைவருக்குக் கீழே கைகட்டி நிற்க வேண்டும். பெயிண்ட்காரர் என்று நாங்கள் சொல்லும் அந்தத் தலைவருக்கும் மச்சானுக்கும் பதினைந்து வருடமாக ஆகாது. குழு வருவதற்கு மூன்று வாரம் முன்னாலேயே அவர் டேப்போடு வந்து, “சும்மா பார்க்கிறேன்” என்று சொல்லிக்கொண்டே மச்சானின் அறையை நீள அகலம் அளந்துவிட்டுப் போனார்.

“மாப்ளே, அந்த ஆளு என் சுவத்துல பென்சிலால குறி வேற போட்டுட்டுப் போயிருக்கான். அலமாரி வைக்கிறதுக்காம்,” என்று மச்சான் என்னிடம் வந்து பொருமினான்.

இனி என் கைங்கரியம். அது ஒரு திங்கட்கிழமை நடந்தது. ஊசியைப் பொருளின் அருகே மெதுவாக இறக்க வேண்டும். கடைசிக் கொஞ்சத் தூரத்தை இயந்திரமே பார்த்துக்கொள்ளும், அதுவரை நம் கண் அதன் மேலேயே இருக்க வேண்டும். அன்றைக்கு லிஃப்டில் கேட்ட ஒரு வம்பை ஸ்டோர்காரரிடம் போனில் சொல்லிக்கொண்டே இறக்கினேன். வம்பு சூடு பிடித்த இடத்தில் ஊசி போய் முட்டிக்கொண்டது. சத்தம் எதுவும் வராது. திரையில் ஒரு கோடு குதித்து இறங்கும், அவ்வளவுதான்.

முட்டிய ஊசியை மாற்ற வேண்டும். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அது. ஆனால் பெட்டியில் மிச்சம் இருந்தது ஒரே ஊசி. புதுப் பெட்டி கேட்டால் மூன்று படிவம் நிரப்ப வேண்டும். போன பெட்டி என்ன ஆயிற்று என்று என்னிடம் வம்பு கேட்ட அதே ஸ்டோர்காரர் குறுக்கு விசாரணை செய்வார். ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. என் பதிவேட்டில் ஒவ்வொரு படத்துக்கும் நேரே ‘ஊசி: புதியது, பழையது’ என்று ஒரு கட்டம் உண்டு. அதை நான் திங்கட்கிழமை காலையில் டீ குடித்துக்கொண்டே, வாரம் முழுவதற்கும் சேர்த்துப் ‘புதியது, புதியது’ என்று நிரப்பிவிடுவேன். பத்து வருடப் பழக்கம். அன்றைக்கு அதை அடித்துத் திருத்தினால் பக்கம் அசிங்கமாகிவிடும் என்று தோன்றியது.

புதன்கிழமை மச்சான் புதிதாகச் செய்த மணிகளைக் கொண்டு வந்தான். ஒரு துளியைச் சிலிக்கான் தகட்டில் விட்டுக் காயவைத்து ஊசிக்குக் கீழே வைத்தேன். படம் வரி வரியாக இறங்கியது. முதலில் பாதி மணி, பிறகு முழு மணி, அதன் தோளில் ஒட்டிக்கொண்டு இன்னொரு சின்ன மணி. பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு ஜோடி. நான்கு நிமிடம் முடிந்தபோது திரையில் முப்பத்தோரு ஜோடிகள் இருந்தன. ஒற்றை மணி ஒன்றுகூட இல்லை.

“மாப்ளே,” என்றான் மச்சான். “என்ன இது?”

“ரெட்டை ரெட்டையா இருக்கு.”

“ஊசி?”

நியாயமான கேள்வி. மச்சான் ஒன்றும் விவரம் தெரியாதவன் இல்லை. கேட்டுக்கொண்டே பதிவேட்டை எட்டிப் பார்த்தான். புதன்கிழமை, புதியது, என் கையெழுத்து. நான் வாயைத் திறப்பதற்குள் அவன் சிரித்துவிட்டான். அடுத்து ஓடிக்கொண்டிருந்த படத்தில் ஏழு கீறல் விழுந்தது.

“ஒன்பது வருஷம் மாப்ளே! ஒன்பது வருஷமா ஒத்தையா பிறந்துட்டிருந்ததுங்க, இப்ப ரெட்டையா பிறந்திருக்கு! அந்தப் பெயிண்ட்காரன் டேப்பைச் சுருட்டிட்டு ஓடணும்!”

எனக்கு அப்போதே சந்தேகம் வந்ததா என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள். கொஞ்சம் வந்தது. ஆனால் அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிற ஆளிடம் அதையெல்லாம் எப்படிச் சொல்வது?

அன்று சாயங்காலம் படத்தைப் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். என் மனைவி மழலையர் பள்ளி ஆசிரியை. அண்ணன் நீட்டிய படத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

“எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சிட்டு நிக்குதே அண்ணா,” என்றாள்.

“எப்படிச் சொல்றே?”

“பெருசு இடது பக்கம், சிறுசு அதோட வலது தோள் மேல. எதை எடுத்தாலும் அப்படித்தான் இருக்கு. என் வகுப்புல இருபது பிள்ளைங்களைப் போட்டோவுக்கு நிக்க வெச்சா ரெண்டு திரும்பி நிக்கும், ஒண்ணு குனிஞ்சு ஷூவைக் கழட்டும். உன் மணிங்களுக்கு நல்ல டீச்சர் அமைஞ்சிருக்காங்க போல.”

“ஒழுங்குன்னா இதான்மா ஒழுங்கு!” என்று மச்சான் பூரித்துப் போனான்.

நான் படத்தை என் பக்கம் இழுத்துப் பார்த்தேன். தகட்டில் ஒரு துளியை விட்டுக் காயவைத்தால் மணிகள் இஷ்டத்துக்குத்தான் விழும். ஜோடியாக இருந்தாலும் ஒன்று கிழக்கே பார்க்கும், ஒன்று மேற்கே பார்க்கும். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கிறது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. ஊசியின் நுனி உடைந்து இரண்டு முனையாகிவிட்டது. ஒவ்வொரு மணியையும் முதலில் ஒரு முனை தடவுகிறது, பிறகு அடுத்த முனை தடவுகிறது. இருப்பது ஒரு மணி, படத்தில் தெரிவது இரண்டு.

இதைச் சோதிக்கச் சுலபமான வழி இருக்கிறது. தகட்டைக் கால் வட்டம் திருப்பி வைத்து இன்னொரு படம் எடுக்க வேண்டும். ஜோடிகள் உண்மையானால் தகட்டோடு சேர்ந்து அவையும் திரும்பியிருக்கும். திரும்பாமல் பழையபடியே சாய்ந்திருந்தால் அது ஊசியின் வேலை. மறுநாள் காலை யாரும் வருவதற்கு முன்னால் போய்த் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுகூடத் திரும்பவில்லை. மனது கேட்காமல், பெயிண்ட்காரர் செவ்வாய்க்கிழமை கொடுத்திருந்த பொடியின் படத்தையும் எடுத்துப் பார்த்தேன். அவருடைய பொடியும் இரட்டைப் பிள்ளை பெற்றிருந்தது, அதே இடது, அதே வலது தோள். அந்தப் படம் அவர் கைக்குப் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்து மூன்றாம் மாடிக்குப் படியேறிப் போனேன். சத்தியமாகச் சொல்லத்தான் போனேன். மச்சான் ஸ்டூல் மேல் ஏறி நின்று சுவரில் இருந்த பென்சில் குறிகளை ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தான். வாய்க்குள் ஏதோ பாட்டு வேறு. அவனை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்தே வெகு காலம் ஆகியிருந்தது.

“என்ன மாப்ளே, மூச்சு வாங்குது?”

“ஒண்ணுமில்லை. சும்மா வந்தேன்,” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

கீழே வந்து உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டேன். என்னைப் பொறுத்தவரை அருமையான திட்டம். ஓசைப்படாமல் கடைசி ஊசியை மாட்டிவிடுவது. ஜோடிகள் தாமாகவே காணாமல் போகும். ஏதோ அந்த ஒரு துளியில் அப்படி வந்தது, பிறகு வரவில்லை என்று மச்சான் நாலு நாள் வருத்தப்பட்டுவிட்டு மறந்துவிடுவான். யார் மேலும் பழி இல்லை. மத்தியானம் அவனைக் கூப்பிட்டு அதே தகட்டைப் புது ஊசியில் காட்டினேன். அத்தனையும் ஒற்றை மணிகள்.

மச்சான் முகம் செத்துப் போயிற்று. “எங்க மாப்ளே போச்சு?”

அங்கே நான் சும்மா இருந்திருக்க வேண்டும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு என்றைக்கு முடிந்தது? “நேத்து ஈரமா இருந்திருக்கும். இன்னைக்கு நல்லாக் காய்ஞ்சிருக்கும்,” என்றேன். அவனை ஆறுதல் படுத்துவதற்காக வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

அவன் திரையை விட்டுத் தகட்டைக் குனிந்து பார்த்தான். பிறகு என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

“மாப்ளே! ஈரம் இருந்தா சேருது, காய்ஞ்சா பிரியுது! காத்துல இருக்கிற ஈரத்தைக் கண்டுபிடிக்கிற மணிடா இது! இந்த அளவுல எவன்கிட்டயும் கிடையாது! நீ சொல்லலைன்னா எனக்கு இது தோணியே இருக்காது!”

அன்று சாயங்காலத்துக்குள் அவன் குழுவுக்கு எட்டுப் பக்கக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டான். அதில் இரண்டாவது பக்கத்தில் என் பெயர் இருந்தது. இரண்டே நாளில் பதில் வந்தது. குழுத் தலைவி மிகவும் ஆர்வமாக இருக்கிறாராம். வருகிற அன்று கண்ணெதிரே செய்து காட்ட வேண்டுமாம், காய்ந்த நிலையில் ஒரு படம், ஈரத்தில் ஒரு படம்.

“ஒரு கிண்ணம் வெந்நீர் பக்கத்துல வெச்சா போதும்ல மாப்ளே?” என்று மச்சான் கேட்டான்.

“போதும் போதும்,” என்றேன்.

வெந்நீர் எவ்வளவு வைத்தாலும் மணிகள் ஜோடி சேரப் போவதில்லை. உடைந்த ஊசிதான் சேர்த்து வைக்க வேண்டும். அதை நான் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். ஊசியை மாட்டும் ஹோல்டர் என்னிடம் இரண்டு இருந்தன. ஒன்றில் நல்ல ஊசி, இன்னொன்றில் உடைந்த ஊசி. முதல் படம் முடிந்ததும், கிண்ணத்தை வைக்கிற சாக்கில் மூடியைத் திறந்து, முதுகால் மறைத்துக்கொண்டு மாற்றிவிட வேண்டும். ஒன்றரை நிமிட வேலை. இதை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு ரப்பர் துண்டையும் ஒரு இடுக்கியையும் வைத்துக்கொண்டு பழகினேன். மூன்றாவது நாள் மனைவியிடம் மாட்டிக்கொண்டேன்.

“மந்திர வித்தை கத்துக்கிறீங்களா?” என்றாள்.

மழலையர் பள்ளி ஆசிரியையிடம் பொய் சொல்ல முடியாது. மூன்று வயதுப் பிள்ளைகள் சொல்லும் பொய்களையே கேட்டுத் தேர்ந்தவள். திங்கட்கிழமை வம்பிலிருந்து வெந்நீர் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

“எங்கண்ணன் உங்களை நம்பி அவ்வளவு பெரிய கடிதம் எழுதியிருக்கான்.”

“தெரியும்.”

“வேற எங்கேயாவது நல்ல ஊசியை வெச்சுப் பார்த்தா என்ன ஆகும்?”

“ஒத்தை மணிதான் தெரியும்.”

“அப்ப பொய் சொன்னது யாருன்னு கேப்பாங்க. கடிதத்துல கையெழுத்து அவனோடது,” என்று சொல்லிவிட்டு ரப்பர் துண்டுகளை எடுத்துப் பென்சில் டப்பாவில் போட்டாள். “நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்.”

சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். நாளைக்கு, நாளைக்கு என்று கடைசியில் குழுவே வந்துவிட்டது.

என் அறையில் நான்கு பேர் நின்றாலே மூச்சு முட்டும். அன்று ஏழு பேர். குழுத் தலைவி ஒரு சிறிய உருவம், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட மூக்குக் கண்ணாடி. மச்சான் இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாக நின்றான். பெயிண்ட்காரர் அழைக்காமலேயே ஒரு கோப்போடு வந்து கதவோரம் நின்றார். முதல் படம் எடுத்தேன். ஒற்றை மணிகள். மூடியைத் திறந்தேன், கிண்ணத்தை வைத்தேன், முதுகைக் காட்டினேன், மாற்றினேன். ஒருவரும் கவனிக்கவில்லை. இரண்டாவது படம் வரி வரியாக இறங்கியது. முப்பத்தோரு ஜோடிகள்.

கை தட்டினார்கள். கதவோரம் இருந்து பெயிண்ட்காரர் பாய்ந்து வந்தார்.

“இதை முதல்ல பார்த்தது நான்! செவ்வாய்க்கிழமையே என் பொடியில வந்தாச்சு! இதோ படம்!” என்று கோப்பிலிருந்து உருவி நீட்டினார். “இவர் புதன்கிழமைதான் எடுத்திருக்கார்!”

தலைவி அந்தப் படத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “சரி, நல்லா இருக்கு,” என்றார். “இந்தத் தகட்டை வெளியே ரெண்டு ஆய்வகத்துக்கு அனுப்புவோம். அங்கேயும் இதே மாதிரி வந்துட்டா உங்க பிரிவுக்கு ஒண்ணும் ஆகாது. வரலைன்னா, அதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.”

“தாராளமா அனுப்புங்கம்மா,” என்றான் மச்சான். பிறகு என் பக்கம் கையைக் காட்டினான். “எல்லாம் இவன் கைதான். பதினெட்டு வருஷமா இவன் எடுக்கிற படத்தை நான் ரெண்டாவது தடவை பார்த்ததே இல்லை.”

அவன் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் தப்பித்திருப்பேன். இவனை இவ்வளவு பேர் நடுவே நிற்க வைத்து, முதுகுக்குப் பின்னால் ஊசியை மாற்றிக்கொண்டிருக்கிறேனே என்று என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

“ஒரு நிமிஷம்,” என்றேன். “தகட்டைத் திருப்பி வெச்சு இன்னொரு படம் எடுக்கணும்.”

“எதுக்கு மாப்ளே?”

மூடியைத் திறந்து தகட்டைக் கால் வட்டம் திருப்பினேன். தலைவி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தார். நான்கு நிமிடம். என் வாழ்க்கையிலேயே நீளமான நான்கு நிமிடம் அதுதான். முதல் ஜோடி இறங்கியது. பெரிது இடது பக்கம், சிறிது வலது தோளில். இரண்டாவது ஜோடியும் அப்படியே. பத்தாவதும் அப்படியே.

“திருப்பினீங்கதானே?” என்றார் தலைவி.

“திருப்பினேன்.”

“மணி திரும்பலையே.”

“திரும்பாதும்மா. அது மணி இல்லை, என் ஊசி. நுனி உடைஞ்சிருக்கு.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். போனில் பேசிய வம்பு, முட்டிய ஊசி, வாரக் கணக்கில் எழுதிவைத்த ‘புதியது’, ஈரம் என்று வாய்க்கு வந்ததை உளறியது, இப்போது எல்லார் எதிரிலும் ஹோல்டரை மாற்றியது வரைக்கும் சொன்னேன். பூசி மெழுகவில்லை. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பெயிண்ட்காரர் மேசையிலிருந்த தன் படத்தை மெதுவாக இழுத்துக் கோப்புக்குள் வைத்து, கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

தலைவி மச்சானைத் திரும்பிப் பார்த்தார். “இது உங்களுக்குத் தெரியாதா?”

மச்சான் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“இவர் எனக்குத் தங்கச்சி வீட்டுக்காரர்மா,” என்றான். “ரெண்டு வருஷம் பக்கத்துல வெச்சு அளந்து பார்த்துட்டு நான்தான் கட்டி வெச்சேன். அளக்கிற விஷயத்துல நான் அப்பவே கோட்டை விட்டவன்.”

அறையே சிரித்தது. தலைவிகூடச் சிரித்துவிட்டார். மச்சான் சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் முதல் தேதி அவன் பெயிண்ட் பிரிவுக்குப் போனான். அவன் அறையில் பெயிண்ட்காரரின் அலமாரிகள் வந்து உட்கார்ந்தன. எனக்கு ஒரு கண்டனக் கடிதம். கூடவே ஒரு தண்டனை. ஊசி முட்டிய வாரம் நான் படம் எடுத்துக் கொடுத்த பதினொரு பேருக்கும் நானே போன் செய்து, அதெல்லாம் உடைந்த ஊசியின் படம், கிழித்துப் போடுங்கள் என்று சொல்ல வேண்டும். பதினொரு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒருவர் மட்டும் நன்றி என்றார். அவருக்குக் காது சரியாகக் கேட்காது என்று பிறகு தெரிந்தது.

இதெல்லாம் எனக்கு உறைக்கவே இல்லை. உறைத்தது வேறு. போன் பண்ணி மன்னிப்புக் கேட்டபோது மச்சான் சொன்னான், “பரவாயில்லைங்க சார்.”

திட்டியிருக்கலாம். இரண்டு அடிகூட அடித்திருக்கலாம், வாங்கியிருப்பேன். அன்றிலிருந்து நான் சார் ஆகிவிட்டேன். வராந்தாவில் பார்த்தால் “வணக்கம் சார்.” லிஃப்டில் பார்த்தால் “நீங்க முதல்ல போங்க சார்.” ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, “அந்தத் தண்ணிச் செம்பைக் கொஞ்சம் இப்படி நகர்த்துறீங்களா சார்?” என்று கேட்டான். என் மனைவி சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. அது முழுக்கச் சிரிப்பினால் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

“எத்தனை நாளைக்கு இப்படி?” என்று அவளிடம் கேட்டேன்.

“அது அண்ணன் இஷ்டம். நான் ஊடால வர மாட்டேன்,” என்றாள்.

ஒன்றரை மாதம் கழித்து மச்சான் என் அறைக்கு வந்தான். குழு வந்த நாளுக்குப் பிறகு ஊசி மிஷின் அறைக்கு அவன் வந்தது அதுதான் முதல் தடவை. கையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் ஒரு சிலிக்கான் தகடு.

“இதுல என்ன இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க சார்.”

“என்ன போட்டிருக்கே?”

“பார்த்துச் சொல்லுங்க சார்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

புது ஊசி மாட்டினேன். மாட்டிய பிறகுதான் பதிவேட்டில் எழுதினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். முதல் இடத்தில் ஒன்றுமில்லை. தள்ளிப் போய்ப் பார்த்தேன், ஒன்றுமில்லை. நான்காவது இடத்தில் ஒரு மேடு தெரிந்தது. எனக்கு மனசு துள்ளியது. இதைப் பிடித்துக்கொண்டு ஏதாவது சொல்லிவிட்டால் அவன் முகம் மலரும், பழையபடி ஆகிவிடலாம் என்று ஓர் ஆசை. தகட்டைத் திருப்பிப் பார்த்தேன், அதே இடத்தை மறுபடி பார்த்தேன். மேடு போய்விட்டது. தூசியாக இருந்திருக்கும். பத்து இடம் பார்த்தேன். இரண்டு முழு நாள் ஆயிற்று. ஒரே ஒரு மணி அகப்பட்டாலும் போதும் என்று தவித்தேன், ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் ஒரு தாளை எடுத்து, ‘தகட்டில் ஒன்றும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மூன்றாம் மாடிக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

பெயிண்ட் பிரிவின் மூலையில், இரண்டு அலமாரிகளுக்கு நடுவே மச்சானுக்கு ஒரு மேசை போட்டிருந்தார்கள். தாளை வாங்கிப் படித்தான்.

“ஒண்ணுமே இல்லையா?”

“இல்லை.”

“நல்லாப் பார்த்தீங்களா?”

“பத்து இடத்துல பார்த்தேன். ஒரு இடத்துல என்னமோ இருந்த மாதிரி இருந்துச்சு. திருப்பிப் பார்த்தேன், அதுவும் இல்லை. வெறும் தகடு.”

மச்சான் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். “வெறும் தகடுதான் சார். கழுவிக் காயவெச்சுக் கொண்டுவந்து குடுத்தேன். நான் அதுல ஒண்ணும் போடலை.”

“மச்சான்! ரெண்டு நாளா உக்காந்து தடவிட்டிருந்தேனே! எதுக்கு இப்படிப் பண்ணினே?”

“இல்லாததை இல்லைன்னு சொல்ல உங்களுக்கு வாய் வருதான்னு பார்த்தேன்.”

கோபம் வர வேண்டிய இடம், ஆனால் வரவில்லை. மச்சான் குனிந்து மேசை இழுப்பறையின் பூட்டைத் திறந்தான். உள்ளேயிருந்து இன்னொரு டப்பாவை எடுத்து என் பக்கம் நகர்த்தினான்.

“இதுல மணி இருக்கு. ஆறு வாரமா பண்ணினது. நிஜமாவே புதுசுன்னு நினைக்கிறேன், ஆனா எனக்கு நிச்சயமாத் தெரியலை. இன்னும் யாருக்கும் காட்டலை. எப்ப பார்த்துச் சொல்வீங்க?”

“நாளைக்கு,” என்றேன். கண் கலங்கிவிட்டது. அவன் பார்க்கக் கூடாதென்று டப்பாவைக் கையில் எடுத்து மூடியைத் திறப்பது போலக் குனிந்துகொண்டேன்.

“இங்க திறக்காதீங்க சார், தூசி விழும்,” என்றான் மச்சான்.